அறுவை சிகிச்சை மேசையில் பாதுகாப்பான படுக்கை நிலை: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

உறக்கத்தில் கை மரத்துப்போனால் நாம் அறியாமலேயே புரண்டு படுக்கிறோம். முழு மயக்க மருந்து பெற்ற நோயாளிக்கு அது இயலாது. வலி உணர்வும் தசைகளின் இயல்பான இறுக்கமும் அடங்கிவிடுவதால், ஓர் உறுப்பு நீண்ட நேரம் அழுந்தியிருந்தாலும், ஒரு மூட்டு அளவுக்கு மீறி வளைந்திருந்தாலும் உடல் எச்சரிக்கை தருவதில்லை. முதுகுத் தண்டில் மருந்து செலுத்தப்பட்டவர் விழித்திருந்தாலும், மரத்துப்போன பகுதியைப் பொறுத்தவரை இதே நிலைதான். எனவே அறுவை மருத்துவர், மயக்கவியல் மருத்துவர், செவிலியர், அரங்கப் பணியாளர்கள் ஆகியோர் கூட்டாகப் பொறுப்பேற்று நோயாளியை உரிய நிலையில் படுக்கவைக்கின்றனர். நோயாளி முன்கூட்டியே தரும் தகவல்கள் இப்பணிக்குப் பெரிதும் உதவுகின்றன.

பாதிப்பு எவ்வாறு ஏற்படுகிறது?

முழங்கையின் உட்புறம், முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்புறம் போன்ற இடங்களில் நரம்புகள் தோலுக்கு மிக அருகில் எலும்பை ஒட்டிச் செல்கின்றன. அங்கு அழுத்தமோ இழுவையோ நீடித்தால் நரம்பு பாதிக்கப்படலாம். குதிகால், இடுப்பின் பின்புறம், பின்னந்தலை ஆகிய இடங்களில் இரத்த ஓட்டம் குறைந்து அழுத்தப்புண் உண்டாகலாம். நீண்ட நேர அறுவை சிகிச்சை பெறுபவர்கள், முதியோர், நீரிழிவு நோயாளிகள், மிக மெலிந்தவர்கள், உடல் பருமன் மிக்கவர்கள் ஆகியோருக்குக் கூடுதல் கவனம் தேவை.

அறுவை சிகிச்சைக்கேற்ற நிலைகள்

மல்லாந்த நிலை: வயிறு, இதயம் உள்ளிட்ட பல அறுவை சிகிச்சைகளுக்கு இந்நிலையே பயன்படுகிறது. பக்கவாட்டில் நீட்டப்படும் கைகள் உடலிலிருந்து 90 பாகைக்கு மேல் விரிக்கப்படுவதில்லை. முழங்கைக்கும் குதிகாலுக்கும் மெத்தை வைக்கப்படும். சிசேரியனின்போது கருப்பை பெரிய இரத்தக் குழாய்களை அழுத்தித் தாயின் இரத்த அழுத்தம் குறையாதிருக்க, உடல் சற்று இடப்புறம் சாய்க்கப்படும்.

ஒருக்களித்த நிலை: நுரையீரல், சிறுநீரகம், இடுப்பு மூட்டு ஆகியவற்றுக்கானது. அக்குளுக்குச் சற்றுக் கீழே சிறு மெத்தையும், முழங்கால்களுக்கிடையே தலையணையும் வைக்கப்படும். கழுத்து முதுகெலும்புடன் நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். கீழ்ப்புறக் காது மடங்கியிருக்கக் கூடாது.

குப்புறப் படுத்த நிலை: முதுகெலும்பு அறுவை சிகிச்சைக்கானது. மயக்கமுற்ற பின் பலர் ஒரே நேரத்தில் சேர்ந்து நோயாளியைத் திருப்புவர். கண்களின் மீது அழுத்தம் விழாதபடி முகம் தாங்கப்படும். மூச்சுக்குத் தடையின்றியும் இரத்தக்கசிவு குறைந்தும் இருக்க, வயிறு அழுந்தாமல் விடப்படும்.

கால்களை உயர்த்திய நிலை: கருப்பை, சிறுநீர்ப் பாதை, மலக்குடல் ஆகியவற்றுக்கானது. இரு கால்களும் ஒருசேர, மெதுவாக உயர்த்தி இறக்கப்படும். முழங்காலின் வெளிப்புறம் கால் தாங்கியில் அழுந்தினால் பாதத்தைத் தூக்க இயலாத நிலை ஏற்படலாம்.

சாய்ந்த நிலைகள்: லேப்பராஸ்கோப்பி முறையில் தலைப்பக்கம் தாழ்த்தப்படவோ உயர்த்தப்படவோ கூடும். உடல் நழுவாதபடி பாதுகாக்கப்படும். நீண்ட நேரம் தலை தாழ்ந்திருந்தால் முகமும் கண் இமைகளும் வீங்கலாம்.

முன்கூட்டியே தெரிவிக்க வேண்டியவை

• கழுத்து, தோள், இடுப்பு, முழங்கால் ஆகியவற்றில் வலி அல்லது அசைவுக் குறைவு, செயற்கை மூட்டு
• கை கால்களில் ஏற்கெனவே உள்ள மரத்துப்போதல் அல்லது பலவீனம்
• டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா அமைக்கப்பட்ட கை
• கண் நீரழுத்த நோய்
• மல்லாந்து படுத்தால் மூச்சுத் திணறல்
• படுக்கைப் புண், எளிதில் உரியும் தோல்
• கர்ப்பம், பேஸ்மேக்கர்

தோளை எவ்வளவு உயர்த்த முடியும், முழங்காலை எவ்வளவு மடக்க முடியும் என்பதை மயக்க மருந்துக்கு முன்பே மருத்துவரிடம் செய்து காட்டுங்கள். நோயாளியால் பேச இயலாவிட்டால், பராமரிப்பாளர் இவற்றைத் தெரிவிக்க வேண்டும். நகைகளைக் கழற்றிவிடுங்கள்.

அறுவை சிகிச்சைக்குப் பின் கவனிக்க வேண்டியவை

முதுகுத் தண்டில் மருந்து பெற்றவருக்குக் கால்கள் சில மணி நேரம் மரத்திருப்பது இயல்பு. லேப்பராஸ்கோப்பிக்குப் பின் தோளில் தோன்றும் வலி, பெரும்பாலும் வயிற்றில் செலுத்தப்பட்ட வாயுவால் உண்டாவது. சில நாட்களில் குறையும்.

ஆனால் பின்வருவன தென்பட்டால் உடனடியாகச் செவிலியரிடமோ மருத்துவரிடமோ கூறுங்கள்:

• பார்வை மங்குதல் அல்லது இழப்பு
• கெண்டைக்காலில் கடும் வலி, இறுக்கம், வீக்கம்
• மருந்தின் வீரியம் தணிந்த பின்னும் நீடிக்கும் மரத்துப்போதல். விரல்களையோ பாதத்தையோ அசைக்க இயலாமை
• அழுந்திய இடத்தில் மறையாத சிவப்பு, கொப்புளம். கருநிறத் தோலில் சிவப்பு தெரியாமல் போகலாம். வலி, சூடு, கடினத்தன்மை ஆகியவற்றைத் தொட்டுப் பாருங்கள்.

நரம்புப் பாதிப்புகளில் பல, வாரங்களிலோ மாதங்களிலோ குணமாகின்றன; சில நிலைத்துவிடக்கூடும். “தானாகச் சரியாகிவிடும்” என்று காத்திருக்க வேண்டாம். வீடு திரும்பிய பின் இவ்வறிகுறிகள் தோன்றினாலும் தாமதமின்றி மருத்துவமனையை அணுகுங்கள்.