ஒலி பட்டால் எலும்பு கூடுமா?

காலில் போட்ட மாவுக்கட்டில், முறிவுக்கு நேர் மேலே சின்ன ஜன்னல் போல ஓர் இடத்தை வெட்டி வைத்திருப்பார்கள். அதன் வழியே தோலில் ஜெல் தடவி, கருவியின் முனையைப் பொருத்த வேண்டும். தினமும் 20 நிமிடம். சத்தம் கேட்காது, சூடு தெரியாது, வலியும் இல்லை. எலும்பு சீக்கிரம் கூட வேண்டும் என்று பலர் வீட்டில் உட்கார்ந்தபடியே எடுத்துக்கொண்ட சிகிச்சை இது.

கருவியிலிருந்து வருவது, ஸ்கேன் சென்டரில் பயன்படும் அதே அல்ட்ராசவுண்ட் வகைதான். நொடிக்கு 15 லட்சம் அதிர்வுகள். வலிமை ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 30 மில்லிவாட். பிசியோதெரபியில் தசைக்குச் சூடு கொடுக்கும் அலை இதைவிடப் பல மடங்கு பலமானது.

இவ்வளவு மெல்லிய அதிர்வு எலும்பை என்ன செய்துவிடும்? எலும்பு உயிருள்ளது, தன்மேல் விழும் பளுவுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும். ஜெர்மன் மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-இல் விளக்கிய உண்மை அது. கட்டுப்போட்டுப் படுத்திருப்பவருக்குப் பளுவின் தூண்டுதல் கிடைக்காது. அதை அலையால் கொடுத்துப் பார்க்கலாமே என்பதுதான் யோசனை. பிரேசிலின் லூயிஸ் டுவார்டே முயல்களில் சோதித்து, எலும்பு வளர்ச்சி கூடுவதாக 1983-இல் எழுதினார்.

1994-இல் அமெரிக்காவிலிருந்து பரபரப்பான முடிவு வந்தது. கீழ்க்கால் எலும்பு முறிந்த 67 பேரில் சிலருக்கு உண்மையான கருவி, மற்றவர்களுக்கு அலையே வராத போலிக் கருவி. முதல் பிரிவினருக்கு எலும்பு கூட 96 நாள் ஆனது. மற்றவர்களுக்கு 154 நாள். அதே ஆண்டில் அமெரிக்க அரசு கருவிக்கு அனுமதி கொடுத்தது.

பிறகுதான் பெரிய சோதனை நடந்தது. கீழ்க்கால் எலும்புக்குள் ராடு வைக்கப்பட்ட 501 பேரை வட அமெரிக்க மருத்துவமனைகளில் சேர்த்து, அதே போலிக் கருவி முறையில் ஒப்பிட்டார்கள். 2016-இல் வெளியான முடிவில், எக்ஸ்ரேயில் எலும்பு கூடும் வேகத்திலும் வித்தியாசம் இல்லை. நோயாளிகள் பழையபடி நடமாடுவதிலும் வித்தியாசம் இல்லை.

அடுத்த ஆண்டு 26 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது காரணம் புலப்பட்டது. பலன் காட்டியவை பெரும்பாலும் குறைபாடுள்ள ஆய்வுகள். கறாராக நடத்தப்பட்டவற்றில் பலன் தெரியவில்லை. எலும்பு முறிவுக்கு இந்தச் சிகிச்சை வேண்டாம் என்று பிரிட்டிஷ் மருத்துவ இதழின் நிபுணர் குழு அழுத்தமாகவே பரிந்துரைத்தது.

மாதக்கணக்கில் கூடாமல் நிற்கும் எலும்புக்கு மட்டும் கதவு முழுதாக மூடவில்லை. ஆதாரம் போதாது என்றாலும், நோயாளியிடம் அதை விளக்கிச் சொல்லி, தனிக் கண்காணிப்போடு பயன்படுத்தலாம் என்று சிகிச்சைகளை மதிப்பிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018-இல் கூறியது. அப்படிப்பட்டவர்களிடம் மருத்துவர்கள் முதலில் தேடுவது வேறு காரணங்களை: புகைப்பழக்கம், கட்டுக்குள் வராத சர்க்கரை, கிருமித்தொற்று, ஆட்டம் கண்ட பிளேட்.