சாயா சிந்திய மடிக்கணினி

மடிக்கணினியைக் கெடுப்பது சிந்திய திரவம் மட்டுமல்ல. அதனோடு சேரும் மின்சாரமும்தான். ஆகவே துடைப்பதற்கு முன் சார்ஜரைப் பிடுங்க வேண்டும். திரை அணையும் வரை பவர் பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டும். பிறகு கீபோர்டு கீழ்நோக்கி இருக்கும்படி விரித்துக் கவிழ்த்தால் திரவம் மதர்போர்டுக்கு இறங்காமல் வெளியே வடியும்.

இப்போதைய மடிக்கணினிகளில் பேட்டரி உள்ளேயே பொருத்தப்பட்டிருக்கிறது. அணைத்த பின்னும் மதர்போர்டின் சில தடங்களில் 3.3 வோல்ட், 5 வோல்ட் மின்னழுத்தம் நின்றுகொண்டிருக்கும். தூய நீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது; குழாய் நீரின் உப்பும் இளநீரின் பொட்டாசியமும் கடத்த வைக்கும். அப்போது நடப்பது விசித்திரமானது. நேர்முனையிலுள்ள செம்பு அயனியாகக் கரைகிறது, ஈரத்தினூடே நகர்கிறது, எதிர்முனையில் மறுபடி உலோகமாகப் படிகிறது. படிவதும் சீராக அல்ல. நுண்ணோக்கியில் பார்த்தால், பெரணி இலைபோலக் கிளைவிட்டபடி நேர்முனையை நோக்கி வளர்வது தெரியும். மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியைச் சில நிமிடங்களில்கூட அது தாண்டிவிடும்; தாண்டியதும் ஷார்ட் சர்க்யூட்.

1990இல் டெக்னோபார்க் என்ற தகவல் தொழில்நுட்பப் பூங்கா தொடங்கிய திருவனந்தபுரத்தில் மடிக்கணினிக்குப் பக்கத்தில் சாயா (தேநீர்) டம்ளர் இல்லாத மேசை அபூர்வம். சாயாவின் சர்க்கரை காய்ந்த பிறகும் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கினால் இங்கே ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுவது சாதாரணம். ஜனவரியில் சிந்தி, துடைத்து, மறந்துபோன சாயா மழைக்காலத்தில் கணினியை நிறுத்தக்கூடும். 'ஆன் ஆகிவிட்டதே' என்று அப்படியே விட்டுவிடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் அலட்சியம்.

அரிசிக்குள் புதைக்கும் வைத்தியத்தில் பயனில்லை. இந்த ஊர்க் காற்றில் கிடந்த அரிசி ஏற்கெனவே ஈரம் குடித்தது. படிந்த உப்பையும் சர்க்கரையையும் அதனால் எடுக்க முடியாது, துளைகளில் மாவுத்தூள் சேர்வதுதான் மிச்சம். ஹேர் டிரையர் திரவத்தை இன்னும் உள்ளே தள்ளும்.

தேவைப்படுவது கழுவுதல். மெக்கானிக் பேட்டரி இணைப்பை விடுவித்து, மதர்போர்டைக் கழற்றி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் மென்மையான பிரஷ்ஷும் கொண்டு கறையை நீக்குவார். இதைச் சில மணி நேரத்துக்குள் செய்தால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். திரவச் சேதத்தைச் சாதாரண வாரண்டி பொதுவாக ஏற்பதில்லை. மதர்போர்டு போய்விட்டாலும், தனியாகக் கழற்றக்கூடிய எஸ்.எஸ்.டி. நனையாமல் இருந்தால் அதிலுள்ள கோப்புகளை வேறொரு கணினியில் மீட்கலாம். போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டதென்றால் அது கடினம்.