கொல்லிமலை நாற்காலி ஏன் ஆடுகிறது?

சேந்தமங்கலத்தில் நல்ல கோடையில் இழைத்துப் பூட்டிய தேக்கு நாற்காலியைக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏற்றிச் செம்மேட்டில் போட்டுப் பாருங்கள். மழைக்காலம் முழுக்கக் கல்லுப்போல இறுகி நிற்கும். பங்குனி வெயிலில் ஆட ஆரம்பிக்கும். ஆசாரியின் கைவேலை மேல்தான் பழி விழும். ஆனால் அவர் கையை விட்டுப் போன பிறகு மூட்டுக்குள் நடந்தது வேறு.

கொல்லிமலையின் மேல்தளம் ஆயிரம் மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அங்கே காற்று குளிர்ந்து ஈரப்பதம் ஏறுகிறது. எத்தனை வருடம் காய்ந்த மரமானாலும் சுற்றுக்காற்றின் ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும்தான் இருக்கும். வறண்ட வீட்டில் மரத்தின் ஈரம் எடையில் 8 சதவீதம் என்றால், மழைக்கால மலைவீட்டில் 16 வரை போகும். அந்த வித்தியாசத்தில், 50 மில்லிமீட்டர் அகலமுள்ள தேக்குக் கழுந்து (காலின் துளைக்குள் நுழையும் சட்டத்தின் முனை) குறுக்குவாக்கில் 0.8 மில்லிமீட்டர் வரை உப்பலாம். ஆனால் மரம் நெடுக்குவாக்கில் நீளுவதே இல்லை எனலாம். கழுந்து நுழையும் துளையோ காலின் நெடுக்குவாக்கில் வெட்டியது. ஆகவே கழுந்து உப்பும், துளை இடம் கொடுக்காது. கழுந்தின் மர நார்கள் நசுங்கும். வெயில் வந்ததும் அது சுருங்கி, பழைய அளவையும்விடச் சிறுத்துப்போகும். ஆட்டம் அங்கே பிறக்கிறது.

மண்வெட்டிக் காம்பு கழன்றால் தண்ணீரில் ஊறப்போடும் வழக்கம் உண்டு. அன்றைக்கு இறுகும். காய்ந்ததும் முன்னைவிட அதிகம் ஆடும், நார்கள் இன்னொரு முறை நசுங்கியதால். நாற்காலி மூட்டில் ஈரத்துணி சுற்றுவதும் இதே கதைதான்.

இரும்பாணி அடிப்பது அதைவிடக் கேடு. ஈரத்தில் ஆணி துருப்பிடிக்கும், மரத்தின் டானினோடு சேர்ந்து கருங்கறை ஏறும், அடுத்த கோடையில் மரம் பிளக்கும். பழைய பலாமர பெஞ்சுகளில் ஆணியைச் சுற்றிக் கறுத்த வெடிப்பைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை.

மூட்டைக் கழற்றுவதுதான் சரியான வழி. கொட்டாப்புளியால், நடுவே ஒரு கட்டை வைத்து மெல்லத் தட்டினால் வந்துவிடும். பழைய பசை வச்சிரமாக இருந்தால் வெந்நீர்த் துணி போதும், இளகிவிடும். விலங்குத் தோலும் எலும்பும் காய்ச்சி எடுத்த பசை அது. புதிய வச்சிரம் பழையதன் மேலும் பிடிக்கும் என்பது அதன் பெரிய குணம். ஃபெவிகால் மாதிரியான வெள்ளைப் பசை அப்படியில்லை. காய்ந்த படலத்தின் மேல் புதுசு ஒட்டாது. மரம் தெரியும்வரை உளியால் சுரண்டியாக வேண்டும்.

சிறுத்த கழுந்துக்கு அதே மரத்தின் மெல்லிய சீவலை, நார் போகும் திசை மாறாமல் ஒட்டுங்கள். பசை தடவிப் பூட்டி, கயிறு சுற்றிக் குச்சியால் முறுக்கி ஒரு நாள் விடுங்கள். வச்சிரம் மழை ஈரத்தில் தளரும் என்பதால் மலையில் அதை மட்டும் நம்பக் கூடாது. மூட்டின் குறுக்கே ஒரு மூங்கில் ஆணி இறங்கட்டும்.

கடுங்கோடையில் இந்த வேலையில் இறங்காதீர்கள். அப்போது தெரியும் இடைவெளியை முழுக்க அடைத்தால், ஐப்பசி மழையில் நார்கள் மறுபடி நசுங்கும். மழை ஓய்ந்து மரம் நடுத்தர ஈரத்துக்கு வரும் தை, மாசியே தோதான காலம்.