ஜவ்வாது மண்ணுக்குள் யார் இருக்கிறார்கள்?

ஜவ்வாது மலையின் காவலூர் வானாய்வகத்தில் 1988-இல் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார்கள். கணித மேதை ராமானுஜனின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் ஒரு பாறைத் துண்டு, 4130 என்ற வரிசை எண்ணோடு உலகப் பட்டியலில் ஏறிவிட்டது. அதே மலையில், சாலையோர மண்ணில் துளை போட்டுக் குடியிருக்கும் காட்டுத் தேனீக்களில் எத்தனைக்கு முறையான பெயர் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். கையை விரிப்பார்கள்.

வானியலாளர்கள் காவலூருக்கு வந்தது தெளிந்த வானத்தையும் ஊர் விளக்கு எட்டாத இருட்டையும் தேடி. மேகம் குறைந்த அந்த வறண்ட மாதங்கள் தேனீக்கும் பிடித்தமானவை. தேனீ என்றதும் ஈரம் சொட்டும் சோலைக்காடு நம் மனதில் வருகிறது, உண்மை நேர்மாறானது. உலகில் பெயரிடப்பட்ட 20,000-க்கும் மேற்பட்ட தேனீ இனங்களின் பரவலை வரைபடமாக்கிய ஓர் ஆய்வு 2021-இல் 'கரன்ட் பயாலஜி' இதழில் வெளியானது. மழைக்காடுகளைவிட வறண்ட, மரம் குறைந்த நிலங்களில்தான் தேனீ இனங்கள் அதிகம் என்று அது காட்டியது. நிலத்துக்குள் முட்டையிடும் தேனீக்கு ஈரம் பகை. குஞ்சுக்காகச் சேர்த்து வைத்த மகரந்த உருண்டை பூசணம் பிடித்துவிடும். காய்ந்த மண்ணும், மழை விழுந்ததும் ஒரேயடியாக வெடிக்கும் பூக்களும்தான் அதற்குத் தேவை.

ஜவ்வாது பாலைவனம் அல்ல. ஆனால், கிழக்குத் தொடர்ச்சி மலையின் இலையுதிர் காடும், அடிவாரத்தில் வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலைச் சமவெளிகளின் காய்ந்த கரம்புகளும் இத்தகைய தேனீக்களுக்கு ஏற்ற இடங்கள். உலகப் பாரம்பரியச் சின்னமாகிவிட்ட மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிடைக்கும் ஆய்வுப் பணமும் ஆள்பலமும் கிழக்கே வருவதில்லை என்பது பூச்சி ஆய்வில் இருப்பவர்களின் நெடுநாள் ஆதங்கம்.

இந்தியாவில் புதிய தேனீ என்றால் 2022-இல் வந்த செய்தி நினைவுக்கு வரும். கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் எஸ். ஷானஸும் சக ஆய்வாளர்களும் 'ஏபிஸ் கரிஞ்சொடியன்' என்ற கருந்தேனீயை 'என்டமான்' இதழில் விவரித்தார்கள். இந்தியாவிலிருந்து அதற்கு முன் ஒரு தேன் தரும் ஏபிஸ் தேனீ விவரிக்கப்பட்டது 1798-இல், பேப்ரிசியஸின் கையால். இடையில் 224 ஆண்டுகள். அது தனி இனமல்ல, நம் பொந்துத் தேனீயின் ஒரு வடிவமே என்று மறுக்கும் வகைப்பாட்டியலாளர்களும் உண்டு. அந்த வழக்கு ஒருபக்கம் நடக்கட்டும். எனக்கு உறுத்துவது, அது கெட்டித் தேன் தரும் என்பதுதான் செய்திகளில் முன்னால் நின்றது என்பது. தேன் தராத தேனீயைப் பற்றி யார் எழுதப் போகிறார்கள்?

மலைக்காரர்களுக்கு மலைத்தேனீ, கொம்புத்தேனீ, பொந்துத்தேனீ, கொசுத்தேனீ எல்லாம் அத்துப்படி. சங்கப் பாட்டான 'மலைபடுகடாம்' பாடும் மன்னன் நன்னனின் நவிரமலை, இன்றைய பர்வதமலை என்பார்கள். அது ஜவ்வாது மலைத்தொடரைச் சேர்ந்ததுதான். செங்குத்துப் பாறையில் மூங்கில் ஏணி சாத்தித் தேன் எடுத்ததை அந்தப் பாட்டு சொல்கிறது. ஆனால் இந்தியாவில் இருக்கும் தேனீக்கள் 700 இனங்களுக்கும் மேல். அவற்றில் பெரும்பாலானவை கூட்டமாக வாழாதவை. ராணி கிடையாது, அடை கிடையாது, தேன் சேமிப்பும் கிடையாது. தனியாகப் பிறந்து, தனியாகத் துளை தோண்டி, பிள்ளையின் முகம் பார்க்காமலே சாகிறவை.

வெயில் ஏறும் நேரத்தில் ஒற்றையடிப் பாதையின் ஓரம் குந்திப் பாருங்கள். புல் முளைக்காத இடத்தில் பென்சில் நுழையும் அளவுக்கு ஒரு துளை, அதைச் சுற்றி எறும்புப் புற்றுபோலப் பொடிமண். கால் நிறைய மஞ்சள் மகரந்தத்தோடு பெண் தேனீ இறங்கும். உள்ளே கிளை பிரியும் சுரங்கத்தில் சின்னச் சின்ன அறைகள்; வயிற்றில் சுரக்கும் நீரால் சுவரை மெழுகி நீர் புகாமல் ஆக்கியிருக்கும். அறைக்கு ஒரு மகரந்த உருண்டை, அதன்மேல் ஒரு முட்டை, பிறகு மண்ணால் அடைப்பு. புழு அந்த உருண்டையைத் தின்றுவிட்டு மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும். அமெரிக்கப் பாலைநிலத் தேனீ ஒன்றில், ஒரே தாயின் பிள்ளைகளில் சில முதல் மழைக்கு வெளிவர, மற்றவை அடுத்த ஆண்டுக்கும் அதற்குப் பிறகும் காத்திருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மழை பொய்த்தாலும் வம்சம் தப்பிக்கும்.

இப்படி ஒரு தேனீயைப் பிடிப்பது எளிது. புதிது என்று நிரூபிப்பதுதான் பாடு. மார்பின் வலப்பக்கம் ஊசி குத்தி, இடம், நாள், எந்தப் பூவில் பிடித்தது என்று சீட்டு எழுத வேண்டும். இறக்கை நரம்புகளின் அமைப்பு, தலையில் உள்ள நுண்குழிகளின் இடைவெளி, நாக்கின் நீளம் எல்லாம் நுண்ணோக்கியில் அளக்கப்படும். ஆண் தேனீயாக இருந்தால் வயிற்றுக்குள் மறைந்திருக்கும் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்தெடுத்துப் பார்க்கிறார்கள். பல இனங்களைப் பிரித்தறிய அதுதான் வழி. ஒரு காலைக் கழற்றி மரபணு ஆய்வுக்கு அனுப்புவதும் உண்டு. பிறகு, பழைய இனங்களை முதலில் விவரித்தபோது எடுத்துவைத்த மூல மாதிரிகளோடு ஒப்பிட வேண்டும். இந்தியத் தேனீக்களுக்கு இன்னமும் புரட்டப்படும் நூல் பிங்காம் எழுதி 1897-இல் வந்தது. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் பிடித்து அனுப்பிய பூச்சிகள் கோபன்ஹேகனில் இருக்கின்றன; மற்றவை லண்டனிலும் பிற ஊர்களிலும். நம் மண்ணின் பூச்சியை அடையாளம் காண அவர்கள் பெட்டியைத் திறக்கச் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கிறது. புதிய இனம் என்று உறுதியானால் ஒரே ஒரு மாதிரி மூல மாதிரியாக அறிவிக்கப்படும். 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி சான்று மாதிரியை அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தில் ஒப்படைத்தாக வேண்டும்.

இவ்வளவு வேலை முடியும்வரை அந்தத் துளை இருக்குமா? என் கவலையெல்லாம் அதுதான்.

தேனீயைக் காப்போம் என்றால் பூச்செடி நடுகிறோம், பெட்டி வைக்கிறோம். மண்ணை மறந்துவிடுகிறோம். உலகத் தேனீ இனங்களில் பத்துக்கு ஏழு நிலத்துக்குள் வசிப்பவை. அவற்றுக்கு வேண்டியது புல்லும் சருகும் மூடாத, வெயில் படும் வெற்று மண். நம் கண்ணுக்கு அது வீண் இடம். சரிவை ஜேசிபி விட்டுச் சமப்படுத்துகிறோம். வரப்பில் களைக்கொல்லி அடிக்கிறோம். சாமையும் கேழ்வரகும் போட்ட நிலத்தில் ஆழ உழுது அறைகளைப் புரட்டிப் போடுகிறோம். பாதையோர மண்ணுக்கு சிமென்ட் பூசுகிறோம். பழைய மண்சுவர்களின் பொந்துகளில் இருந்த நீலப்பட்டைத் தேனீக்களுக்கு மெத்தை வீட்டின் சுவரில் இடமில்லை. மலைக்கு ரோடு வேண்டாமா, ஒழுகாத வீடு வேண்டாமா என்று கேட்பவர்கள் கேட்பதும் நியாயம்தான். ஆனால் ஊரில் ஒரு சென்ட் மண்ணைக்கூட மூடாமல் விடக்கூடாது என்று எந்த வளர்ச்சியும் கேட்பதில்லை.

நீலப்பட்டைத் தேனீயின் கணக்கு நம் சமையலறைவரை வருகிறது. கத்தரிப் பூவின் மகரந்தப் பையில் நுனியில் மட்டும்தான் துளை. நீலப்பட்டைத் தேனீ அதைக் கவ்விப் பிடித்து, இறக்கையை அசைக்காமல் பறக்கும் தசையை மட்டும் அதிர வைக்கும். மகரந்தம் பீறிட்டுக் கொட்டும். பெட்டித் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. துவரைப் பூவில் மகரந்தம் மாற்றுவதில் இலைவெட்டித் தேனீக்குப் பெரிய பங்கு உண்டு. ஜவ்வாது மலையில் பெட்டிகளை எத்தனை கூட்டினாலும் இவை செய்யும் வேலையை அவை செய்துவிடாது.

2021-இல் அர்ஜென்டினா ஆய்வாளர்கள் உலகப் பதிவுகளைக் கூட்டிப் பார்த்தார்கள். 1990-களுக்கு முன் பதிவானதைவிட, 2006 முதல் 2015 வரையிலான பதிவுகளில் இனங்களின் எண்ணிக்கை சுமார் கால்வாசி குறைந்திருந்தது. பெயர் இருந்ததால்தான் இவற்றைக் காணோம் என்றாவது தெரிந்தது. பெயரே வைக்காத ஒன்று அழிந்தால் அந்தக் கணக்கிலும் வராது.

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டக் கல்லூரிகளின் விலங்கியல் துறைகளுக்கு ஒரு வேண்டுகோள். முதுகலை மாணவர்களின் ஆய்வுத் திட்டங்களில் ஆண்டுக்கு ஒன்றையாவது இந்த மலையின் மண் தேனீக்களுக்கு ஒதுக்குங்கள். வனத்துறை அனுமதி வாங்கிக்கொண்டு, மலைமேல் உள்ள ஜமுனாமரத்தூரில் தொடங்கி, வெற்று மண் இருக்கும் சரிவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். தோட்டம் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று: வெயில் விழும் பக்கமாக ஒரு பாய் அகலத்துக்கு மண்ணைக் கொத்தாமல், மூடாமல், மருந்து அடிக்காமல் விட்டுவையுங்கள்.