நாயகன் இல்லாத நாவல்

ஆங்கில எழுத்தாளர் ஓலாஃப் ஸ்டேபிள்டனின் ‘லாஸ்ட் அண்ட் ஃபர்ஸ்ட் மென்’ 1930-இல் வெளிவந்தது. இருநூறு கோடி ஆண்டுகளில் தோன்றி மறையும் பதினெட்டு மனித இனங்களின் வரலாற்றை, நெப்டியூனில் வாழும் கடைசி இனத்தவர் ஒருவர் சொல்லிக்கொண்டு போகிறார். நாம் அதில் முதல் இனம், அவ்வளவுதான். நாயகன் கிடையாது, நாயகி கிடையாது. ஒட்டிக்கொள்ள ஒரு முகம்கூட இல்லாத இதை எப்படி நாவல் என்பது என்று கேட்பவர்கள் உண்டு. முகம் இல்லாததே இதன் பலம் என்பது என் கட்சி.

வெள்ளிக் கோள் பகுதியைப் பாருங்கள். நிலா பூமியை நெருங்கி வருகிறது. ஐந்தாம் மனிதர்கள் வெள்ளிக்குக் குடிபெயர வேண்டிய கட்டாயம். அங்கே சுவாசிக்க ஆக்சிஜன் போதாது. கடல்நீரை மின்சாரத்தால் பிரித்து ஆக்சிஜனை உண்டாக்குகிறார்கள். அந்தக் கடலுக்குள்ளோ அறிவுள்ள உயிர்கள் வாழ்கின்றன. வாழ்விடம் குலைவதால் அவை எதிர்க்க, மனிதர்கள் அவற்றைப் பூண்டோடு அழிக்கிறார்கள். அழித்தவர்கள் கொடியவர்கள் அல்லர். அதுவரை தோன்றியவர்களிலேயே உயர்ந்தவர்கள். அந்தக் குற்ற உணர்வு பின்னர் அவர்களையே அரிக்கிறது. இதே கதையில் ஒரு தளபதி இருந்திருந்தால் பழியை அவர் தலையில் போட்டுவிட்டு நாம் தப்பித்திருப்போம். இங்கே பழி மனித இனத்தின் மேல், அதாவது நம் மேலேயே விழுகிறது.

ஆருடங்கள் பொய்த்ததைச் சிலர் சுட்டுகிறார்கள். உண்மைதான். ஐரோப்பாவின் அடுத்த சில ஆண்டுகளைச் சொல்லும் தொடக்கப் பக்கங்கள் பலவீனமானவை. ஹிட்லரின் எழுச்சி அவற்றில் இல்லை. வெள்ளியில் கடலும் இல்லை. அதன் தரை வெப்பம் சுமார் 460 டிகிரி செல்சியஸ் என்று பிறகு தெரிந்தது. ஆனால் மேலே சொன்ன குற்றத்தின் கனம் இதனால் ஒரு குன்றிமணியும் குறையவில்லை.

கனமான ஆட்சேபம் வேறு: கோடிக்கணக்கான ஆண்டுகளை எண்ணுபவருக்கு இன்றைய பசியும் போரும் அற்பமாகிவிடாதா? முதல் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்து, பிரான்ஸில் காயம்பட்டவர்களை ஆம்புலன்ஸில் ஏற்றிச் சென்றவர் ஸ்டேபிள்டன். அவருடைய கடைசி மனிதர்களும் தங்கள் அழிவு உறுதி என்று தெரிந்த பிறகு, விண்வெளியில் உயிரின் வித்துகளைத் தூவும் வேலையில் இறங்குகிறார்கள். அலட்சியம் இப்படி இருக்காது. தவிர, அணு உலைகளில் நாம் உண்டாக்கும் புளூட்டோனியம்-239 பாதியாகக் குறையவே சுமார் 24,000 ஆண்டுகள் ஆகும். அத்தனை தூரத்துக்கு நம் செயல் போகும்போது கற்பனையும் போகத்தான் வேண்டும்.

தொடக்க அத்தியாயங்கள் அலுத்தால் தாராளமாகத் தாண்டிப் போங்கள். வெள்ளிப் பகுதியை மட்டும் தவறவிடாதீர்கள்.