பில்டு சர்வரில் எதை எங்கே வைப்பது?

மதுரையின் இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் எல்காட் நிறுவனம் அமைத்த தகவல் தொழில்நுட்ப வளாகங்கள் மென்பொருள் தொழிலை வைகைக்கரை நகரத்துக்கும் கொண்டுவந்துள்ளன. இத்தொழிலில், பலர் எழுதும் நிரல்களை ஒன்றுசேர்த்து, சோதித்து, இயங்கும் மென்பொருளாக ஆக்கித் தரும் கணினியைப் ‘பில்டு சர்வர்’ என்பர். இப்பணிக்கு உலகெங்கும் பரவலாகப் பயன்படும் கட்டற்ற மென்பொருள் ஜென்கின்ஸ் ஆகும். சன் மைக்ரோசிஸ்டம்ஸில் பணியாற்றிய கோசுகே கவாகுச்சி 2004-இல் ‘ஹட்சன்’ என்ற பெயரில் தொடங்கிய இது, சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கிய பின் பெயருரிமை பற்றி எழுந்த பூசலால் 2011-இல் இன்றைய பெயரைப் பெற்றது.

லினக்ஸ் கணினியில் ஜென்கின்ஸை நிறுவினால், அதன் உடைமைகள் யாவும் ‘ஜென்கின்ஸ் ஹோம்’ எனப்படும் ஒரே கோப்புறைக்குள் சென்று சேர்கின்றன. பணிகளின் அமைப்புக் கோப்புகள், கடவுச்சொற்களை மறைத்துக் காக்கும் சாவிகள், நிரலைப் பிரித்துப் போட்டு வேலை செய்யும் ‘ஒர்க்ஸ்பேஸ்’, ஒவ்வொரு பில்டும் விட்டுச்செல்லும் பதிவேடு, இறுதியில் கிடைக்கும் விளைபொருளான ‘ஆர்ட்டிஃபாக்ட்’ ஆகிய அனைத்தும் அங்கேயே குவிகின்றன. அக்கோப்புறை இயங்குதளம் இருக்கும் வட்டிலேயே இருந்துவிட்டால், நாள்தோறும் பெருகும் பில்டுகள் வட்டை நிரப்பி, சர்வரையே முடக்கிவிடக்கூடும். இதனால்தான், ஒரு கணினியில் காலியிடம் ஏறத்தாழ 1 ஜிபிக்குக் கீழே குறைந்தால், அக்கணினிக்குப் புதிய வேலை தராமல் ஜென்கின்ஸ் அதைத் தற்காலிகமாக ஒதுக்கிவைக்கிறது.

பெரிய வட்டு வாங்குவது மட்டும் இதற்குத் தீர்வாகாது. விதைநெல்லையும் வைக்கோலையும் உழவர் ஒரே இடத்தில் சேர்த்து வைப்பதில்லை. இழந்தால் மீளாதது எது, மீண்டும் கிடைப்பது எது என்ற அதே பகுப்பு இங்கும் வேண்டும். நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்து காக்கும் ‘கிட்’ களஞ்சியத்தில் மூலநிரல் பத்திரமாக இருப்பதால், ஒர்க்ஸ்பேஸை எப்போது வேண்டுமானாலும் அழித்து மீண்டும் உருவாக்கலாம். ஆகவே அதை வேகமான தனி வட்டிலோ, ‘ஏஜென்ட்’ எனப்படும் துணைக்கணினிகளிலோ வைப்பது தகும். ஆனால், வாடிக்கையாளருக்கு வழங்கிய ஆர்ட்டிஃபாக்ட்டை அப்படிக் கருதலாகாது. நூலகங்களும் தொகுப்பிகளும் காலப்போக்கில் மாறிவிடுவதால், அதே நிரலிலிருந்து அதே விளைபொருள் மறுபடி கிடைக்கும் என்ற உறுதி இல்லை. எனவே அதைத் தனிக் களஞ்சியத்தில் நெடுநாள் காக்க வேண்டும். பழைய பில்டுகளில் எத்தனை நாள்களுக்கு உரியவற்றை, எத்தனை எண்ணிக்கையில் வைத்திருப்பது என்பதை ஒவ்வொரு பணிக்கும் முன்கூட்டியே வரையறுக்கும் வசதியும் ஜென்கின்ஸில் உண்டு.

ஹோம் கோப்புறையை வேறு வட்டுக்கு மாற்றுவோர், முதலில் சேவையை நிறுத்தி, கோப்புகளை அவற்றின் உரிமையாளர் விவரமும் அனுமதிகளும் மாறாதவாறு நகலெடுத்து, புதிய இடத்தைச் சேவையின் அமைப்பில் குறிப்பிட்ட பிறகே அதை மீண்டும் இயக்க வேண்டும். ஹோம் கோப்புறைக்குக் காப்புநகல் எடுக்கும்போதும் கவனம் வேண்டும். மறையீட்டுக்கான முதன்மைச் சாவியை மற்றக் கோப்புகளின் காப்புநகலோடு சேர்க்காமல் வேறிடத்தில் வைக்குமாறு ஜென்கின்ஸ் ஆவணங்களே அறிவுறுத்துகின்றன. இரண்டும் ஒருசேரக் களவுபோனால், மறைத்துவைத்த கடவுச்சொற்கள் அனைத்தும் வெளிப்பட்டுவிடும்.

சேமிப்பிடத்தைத் தீர்மானிக்கும் பொறுப்பை நிறுவும் நாளிலேயே ஏற்பது நலம். காப்புநகலை வேறொரு கணினியில் மீட்டெடுத்து, சர்வர் முன்போல் இயங்குவதைக் கண்ணால் கண்ட பிறகே அந்த ஏற்பாடு முழுமை பெற்றதாகக் கொள்ள வேண்டும்.