நெடுவாழ்வும் சமமின்மையும்

உயிரணு ஒன்று இரண்டாகப் பிரியும்போதெல்லாம் அதன் மரபிழை (டி.என்.ஏ.) படியெடுக்கப்படுகிறது. அப்போது நேரும் பிழைகளை நொதிகள் சில திருத்துகின்றன. திருந்தாமல் எஞ்சியவை ஆண்டுதோறும் சேர்கின்றன. மூப்பின் வேர்களுள் இதுவும் ஒன்று. இந்தப் பிழைகளைக் களையும் மருத்துவம் கைகூடினால் மாந்த இனம் மகிழுமா, கலங்குமா?

அமெரிக்கப் புதின ஆசிரியர் கிம் ஸ்டான்லி ராபின்சன் 1992-இல் வெளியிட்ட ‘ரெட் மார்ஸ்’ இவ்வினாவை எழுப்புகிறது. செவ்வாயில் குடியேறிய அறிவியலர் அத்தகைய மருத்துவத்தைக் கண்டறிகின்றனர். புவியிலோ அது செல்வர்க்கே எட்டுகிறது. பிறர் முதுமையுற்று மடிய, வசதி படைத்தோர் இளமையோடு உலவுகின்றனர். நாடுகள் கொந்தளிக்கின்றன.

இதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1941-இல், அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் ஹைன்லைன் வேறொரு கோணத்தில் இதனைக் கண்டார். அவருடைய ‘மெதூசலாஸ் சில்ட்ரன்’ கதையில் ஹோவர்டு குடும்பத்தினர் நெடுநாள் வாழ்கின்றனர். நீண்ட வாழ்நாள் உடைய மரபினர் தமக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக மணந்துகொண்டதன் விளைவு அது; மறைவான மருந்து ஏதுமில்லை. மக்களோ அதை நம்பவில்லை. மருந்தை ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்று சினந்தெழுகின்றனர். அரசு அக்குடும்பங்களைச் சிறைப்பிடிக்கிறது. அவர்கள் விண்கலம் ஏறித் தப்புகின்றனர்.

ஒரு கதையில் மருந்து உண்டு, மற்றொன்றில் இல்லை. சினம் மட்டும் இரண்டிலும் ஒன்றே. தீர்வே இல்லாதபோது சாவை இயற்கை என ஏற்கும் மனம், தீர்வு ஒருவர்க்கு மட்டும் கிடைக்கிறது என அறிந்ததும் அதே சாவை அநீதி எனக் காண்கிறது. இவ்விரு படைப்பாளரும் நுட்பமாக உணர்ந்த உண்மை இது.

இதனை வரலாறும் மெய்ப்பித்துள்ளது. எச்.ஐ.வி. தொற்றைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்துகள் 1996 அளவில் பயனுக்கு வந்தன. செல்வ நாடுகளில் ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கும் மேல் செலவானது. ஆப்பிரிக்காவிலோ இலட்சக்கணக்கானோர் மருந்தின்றி மாண்டனர். மலிவான மருந்துகளுக்கு வழிவகுக்கத் தென்னாப்பிரிக்கா 1997-இல் சட்டம் இயற்றியபோது, 39 மருந்து நிறுவனங்கள் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தன. மக்கள் தெருவில் திரண்டனர். உலகெங்கும் கண்டனம் எழுந்தது. 2001 ஏப்ரலில் வழக்கு திரும்பப் பெறப்பட்டது. அதே ஆண்டு இந்தியாவின் சிப்லா நிறுவனம் ஆண்டுக்கு 350 டாலருக்கு அம்மருந்துகளைத் தர முன்வந்தது. பின்னாளில் விலை 100 டாலருக்கும் கீழே இறங்கியது. மருந்தின் வேதியியல் மாறவில்லை. அதைப் பங்கிடும் முறைதான் மாறியது.

மீண்டும் மூப்புக்கு வருவோம். ஜப்பானிய அறிவியலர் ஷின்யா யாமானாக்கா 2006-இல் முதிர்ந்த உயிரணுவை அதன் தொடக்க நிலைக்குத் திருப்பிக் காட்டினார்; 2012-இல் நோபல் பரிசு பெற்றார். அவ்வழியில் இன்று மூப்பையே தணிக்கும் ஆய்வுகள் விரைகின்றன. அவை வெல்லட்டும். ஆனால், எவர்க்கு, என்ன விலையில் என்னும் வினாவுக்கு ஆய்வுக்கூடத்திலேயே விடை காணவேண்டும். மருந்து கடைக்கு வந்தபின் விடை தேடினால், அதற்குள் இழந்த உயிர்களை எச்சட்டமும் மீட்டுத் தராது.